தாத்தா, அப்பா, மகன்: ராணுவம் ஏன் சில வீடுகளிலேயே தங்கிவிடுகிறது?

1944 ஜூன் 6. இரண்டாம் உலகப் போர். பிரான்ஸின் நார்மண்டியில், யூட்டா கடற்கரையில் அமெரிக்கப் படையின் முதல் அலையோடு கரையிறங்கியவர்களில் கைத்தடியுடன் ஒருவர் இருந்தார். வயது 56. மூட்டுவலி, அதோடு இதயக் கோளாறு வேறு. அவர் பிரிகேடியர் ஜெனரல் தியோடர் ரூஸ்வெல்ட் ஜூனியர். அந்தப் பதவியில் இருப்பவர்கள் முதல் அலையில் படகேறுவதில்லை. மேலதிகாரி மறுத்தும் விடாமல் கேட்டு, எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கித்தான் வந்திருந்தார். அதே நாளில் ஒமாஹா கடற்கரையில் அவருடைய மகன் க்வென்டின் இறங்கினார்.

அந்தப் பெயர் இறந்துபோன தம்பியின் பெயர். முதல் உலகப் போரில் விமானியாக இருந்த தம்பி 1918 ஜூலை 14 அன்று பிரான்ஸ் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அவருக்கு வயது 20. மறு ஆண்டு அண்ணனுக்குப் பிறந்த மகனுக்கு அதே பெயரை வைத்தார்கள். இவர்களுக்கெல்லாம் முந்தையவர் அப்பா தியோடர் ரூஸ்வெல்ட், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர். 1898இல் கியூபாவின் சான் ஹுவான் மேட்டில் படை நடத்திச் சென்றவர்.

ஒரே வீட்டில் மூன்று தலைமுறை. இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் உடனே சொல்வது, “அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு” என்பதுதான். பாராட்டாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் நிறைய விஷயங்களை மூடி மறைத்துவிடுகிறது. ராணுவம் ஒரு வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தங்குவதற்கான காரணம் ரத்தத்தில் இல்லை. பாதி காரணம் அந்த வீட்டின் அன்றாடத்தில் இருக்கிறது. மீதிப் பாதி அரசுகள் போட்டு வைத்த சட்டங்களிலும் சலுகைகளிலும் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், ஒரு பிள்ளை விரும்பிப் போனானா, வேறு வழியில்லாமல் போனானா என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

வீட்டுக்குள் நடப்பது

ஒரு சிறுவன் அப்பாவின் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறான். துணியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கிறான். தோலின்மேல் ஊதிப் பார்க்கிறான், மறுபடி தேய்க்கிறான். முனையில் தன் முகம் மங்கலாகத் தெரிந்ததும் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டுகிறான். அப்பா வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, குதிகால் பக்கத்தைக் காட்டித் திருப்பித் தருகிறார். பார்க்கிறவர் கண்ணுக்குப் படாத இடமும் பளபளக்க வேண்டும் என்று அன்றைக்கு அவன் கற்றுக்கொள்கிறான். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பயிற்சி மையத்தில் சேரும்போது, மற்றவர்களுக்கு அந்நியமாகத் தெரிகிற ஒழுங்கு அவனுக்கு வீட்டு வாசனையோடு இருக்கும்.

பட்டாளத்து வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நூறு விஷயங்கள் சொல்லித்தராமலே தெரியும். ஹவில்தாருக்கும் சுபேதாருக்கும் என்ன வித்தியாசம், லீவு ரத்தானால் அம்மா முகம் எப்படி மாறும், போஸ்டிங் ஆர்டர் வந்தால் எத்தனை நாளில் பெட்டி கட்ட வேண்டும், ஆள்சேர்ப்பில் மருத்துவப் பரிசோதனையில் எதற்கெல்லாம் கழித்துவிடுவார்கள், எத்தனை வருஷம் ஓட்டினால் பென்ஷன். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ராணுவம் என்பது வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த கட்டடம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது உயரமான மதில் மட்டுமே. உடல் தகுதியும் மனத்திடமும் இருவருக்கும் ஒன்றாக இருந்தாலும் முதலில் உள்ளே போகிறவன் வாசல் தெரிந்தவன்தான். மருத்துவர் பிள்ளை மருத்துவராவதும் வக்கீல் பிள்ளை வக்கீலாவதும் இதே வழியில்தான். அந்தத் தொழில்களில் உயிர் பணயமில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

கட்டாய ராணுவ சேவை இல்லாத நாடுகளில் இது எண்ணிக்கையிலேயே தெரிகிறது. அமெரிக்கா 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பைக் கைவிட்டது. 2011இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பைப் பாருங்கள். 50 வயதைத் தாண்டியவர்களில் 77 சதவீதம் பேருக்கு நெருங்கிய குடும்பத்தில் ஒருவராவது ராணுவத்தில் இருந்திருக்கிறார். 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் அது மூன்றில் ஒரு பங்குதான். ஒட்டுமொத்த சமூகம் ராணுவத்திலிருந்து விலகிக்கொண்டே போயிருக்கிறது. ஆனால் முன்னாள் ராணுவத்தினரின் வீடுகளில் மட்டும் கதை வேறு. மகனோ மகளோ ராணுவத்தில் சேர்ந்திருக்கிறார்கள் என்று சொன்னவர்கள் பொதுமக்களில் 9 சதவீதம், முன்னாள் ராணுவத்தினரில் 21 சதவீதம். சுமை குறையவில்லை, குறைவான வீடுகளின் தோளுக்கு மாறியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் “தியாகக் குடும்பம்” என்று கைதட்டுவது எனக்கு உறுத்துகிறது. போர் என்று முடிவெடுக்கிறவர்களின் வீட்டிலிருந்தும் அதை ஆதரித்துப் பேசுகிறவர்களின் வீட்டிலிருந்தும் பெரும்பாலும் யாரும் போகாத நிலையில், நூற்றில் சில வீடுகள் மட்டும் மூன்றாம், நான்காம் முறையாகப் பிள்ளையை அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

வாசல் தெரிந்திருப்பது வேறு, உள்ளே போயே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேறு. அமெரிக்கக் கடற்படையின் மெக்கெய்ன் குடும்பத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். தாத்தா அட்மிரல். 1945 செப்டம்பர் 2 அன்று மிசௌரி கப்பலில் ஜப்பான் சரணடைந்ததை நேரில் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர், நான்கே நாளில் இறந்துபோனார். அப்பா நீர்மூழ்கிக் கப்பல் தலைவராக இருந்து அவரும் அட்மிரல் ஆனார். இப்படி இரண்டு பெயர்களுக்குக் கீழே பிறந்த ஜான் மெக்கெய்ன் கடற்படைக் கல்லூரியில் 899 பேரில் 894ஆவதாகத் தேறினார். அந்தக் கல்லூரி அவர் தேடிக் கண்டுபிடித்த இடமல்ல, பிறந்த அன்றே அவருக்காக எழுதி வைக்கப்பட்ட இடம்.

வியட்நாம் போரில், 1967 அக்டோபரில், ஹனோய் மேல் அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறு ஆண்டு அவருடைய அப்பா பசிபிக் பகுதி முழுவதற்கும் தளபதியானார். சிறைப்பிடித்தவர்கள் மகனை முன்னதாக விடுவிக்க முன்வந்தார்கள். தனக்கு முன் பிடிபட்டவர்கள் உள்ளே இருக்கும்போது தான் மட்டும் போக முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். 1973 மார்ச்சில்தான் வெளியே வந்தார். இடையில், 1972இல், அப்பாவின் கட்டளையில் இருந்த விமானங்கள் மகன் அடைபட்டிருந்த நகரின்மேல் குண்டு வீசின. தகப்பன் பெயர் ஒரு பிள்ளைக்குக் கேடயமாகவும் விலங்காகவும் ஒரே நேரத்தில் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வாரிசாகச் சேர்த்த அரசுகள்

சிப்பாய் மகன் சிப்பாய் ஆவது அரசுகளுக்கு மிகவும் வசதியானது. ஆள் தேட வேண்டாம், பாதிப் பயிற்சி வீட்டிலேயே முடிந்திருக்கும், ஓடிப்போனால் பிடிக்க ஒரு முகவரி இருக்கும். அதனால் இந்தப் பழக்கத்தைச் சட்டமாகவே ஆக்கிப் பார்த்த அரசுகள் பல.

ரோமில் முதலில் ஆசை காட்டினார்கள். ரோமக் குடியுரிமை இல்லாத துணைப்படை வீரன் 25 ஆண்டு பணி முடித்தால் அவனுக்குக் குடியுரிமை, அவன் பிள்ளைகளுக்கும் குடியுரிமை. கி.பி. 140 வாக்கில் இந்தச் சலுகையில் ஒரு மாற்றம் வந்தது. பணிக்காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இனி அது இல்லை. பிள்ளைகளும் படையில் சேர்ந்து தாங்களே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்பது இதன் நோக்கமாக இருக்கலாம் என்று வரலாற்றாய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். 4ஆம் நூற்றாண்டில் ஆசை காட்டுவதெல்லாம் போய்விட்டது. ஓய்வுபெற்ற வீரனின் மகன் படையில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சட்டமே வந்தது. தப்பிப்பதற்காக இளைஞர்கள் தங்கள் கட்டைவிரலை வெட்டிக்கொண்டார்கள், அதைத் தண்டிக்கத் தனிச் சட்டங்கள் போட வேண்டியிருந்தது. ரத்தத்திலேயே இருக்கிறது என்றால் எதற்கு விரலை வெட்டிக்கொள்ள வேண்டும்?

சீனாவின் மிங் ஆட்சி இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தது. 1368இல் ஆட்சியைப் பிடித்த ஹொங்வு பேரரசர், லட்சக்கணக்கான குடும்பங்களை “படைக்குடும்பம்” என்று பதிவேட்டில் எழுதினார். அப்படி எழுதப்பட்ட குடும்பம் எந்தக் காலத்திலும் ஒரு சிப்பாயைப் பணியில் வைத்திருக்க வேண்டும். அவன் செத்தாலோ ஓடிப்போனாலோ, அதிகாரிகள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்து அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பணியிடம் பெரும்பாலும் நெடுந்தொலைவில். பிழைப்புக்கு அங்கே ஒரு துண்டு நிலம் கொடுப்பார்கள்.

குடும்பங்கள் இதை எப்படிச் சமாளித்தன என்பதுதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. அண்ணன் தம்பி வழிவந்த கிளைகள் கூடி உட்கார்ந்து முறை வைத்துக்கொண்டன: இந்தக் கிளை இத்தனை ஆண்டு ஆள் அனுப்பட்டும், அப்புறம் அந்தக் கிளை. வேறு சில குடும்பங்களில், ஒரு கிளை நிரந்தரமாக ஆள் அனுப்ப ஒத்துக்கொள்ளும், மற்றக் கிளைகள் அதற்கு ஈடாகப் பணமோ நிலமோ கொடுக்கும். இந்த ஒப்பந்தங்களைத் தங்கள் வம்சாவளி ஏடுகளிலேயே எழுதி வைத்தார்கள். யாரோ ஒரு முப்பாட்டன் போட்ட கையெழுத்துக்காக, அவரைப் பார்த்தே இராத ஒரு பையன் தலைமுறைகள் கழித்து வடக்கு எல்லைக்குக் கிளம்பினான். மிங் ஆட்சியின் நடுப்பகுதிக்குள் பல படைமுகாம்களில் ஓடிப்போனவர்கள் போக மிச்சம் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள்.

சுவீடன் கண்ட வழி மென்மையானது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசர் பதினோராம் சார்லஸ் ஓர் ஏற்பாடு செய்தார். சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாயைப் பராமரிக்க வேண்டும். அவனுக்குச் சின்னதாய் ஒரு வீடு, உழுது பிழைக்கக் கொஞ்சம் நிலம். போர் வந்தால் போவான், இல்லாத நாளில் பயிர் செய்வான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு அவனுடையதல்ல, பணியுடையது. சிப்பாய் இறந்தால், அல்லது கிழடு தட்டிப் பணிக்கு லாயக்கில்லாமல் போனால், குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்யாமலிருக்க வழி, மகன் அந்த இடத்தில் சேர்வது. விதவை அடுத்து வரும் சிப்பாயையே மணந்துகொண்டு அதே வீட்டில் இருந்துவிடுவதும் உண்டு. அடுப்பும் கூரையும் கையை விட்டுப் போகாமலிருக்க ஒரு மகன் துப்பாக்கி எடுத்ததை நாம் வீரமரபு என்று எழுதி வைத்திருப்போம்.

இதற்கு நேர்மாறாகச் செய்துபார்த்தவர்கள் உஸ்மானியத் துருக்கியர்கள். ஜானிசாரி படையில் குடும்பப் பிடிப்பே கூடாது என்று, பால்கன் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் சிறுவர்களைப் பிரித்தெடுத்து வந்து வளர்த்தார்கள். திருமணம் செய்யத் தடை. வாரிசு இல்லாத படை சுல்தானுக்கு மட்டுமே விசுவாசமாக இருக்கும் என்பது கணக்கு. 16ஆம் நூற்றாண்டில் தடை தளர்ந்தது, மணமானது, மகன்கள் பிறந்தார்கள், அப்பாவின் இடத்தைக் கேட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சம்பளப் பட்டியலில் இருந்த பலர் போர்க்களமே அறியாதவர்கள். 1826இல் இரண்டாம் மஹ்மூத் சுல்தான் பீரங்கி வைத்து அந்தப் படையையே ஒழித்தார். வேலை நிரந்தரமாகவும் சலுகையோடும் இருந்தால் அது பிள்ளைக்குப் போகத்தான் பார்க்கும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

யார் வீரக்குடி என்று முடிவு செய்தது யார்?

1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியப் படையைப் புதிதாக அமைத்தபோது, இந்தியச் சமூகங்களில் சில பிறவியிலேயே போர்க்குணம் உள்ளவை, மற்றவை இல்லாதவை என்று ஒரு கோட்பாடு வளர்ந்தது. 1885 முதல் 1893 வரை இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் இதைத் தீவிரமாக நடைமுறைப்படுத்தினார். பஞ்சாப், எல்லைப்புறம், நேபாளம் ஆகிய இடங்களின் சில சமூகங்களுக்குக் கதவு அகலத் திறந்தது. பஞ்சாபில் புதிதாக வெட்டிய கால்வாய்ப் பாசனப் பகுதிகளில் முன்னாள் சிப்பாய்களுக்கு நிலம் கிடைத்தது. ஒரு தலைமுறை சேர்ந்து நிலம் பெற்றால் அடுத்த தலைமுறையும் சேரும். இரண்டு தலைமுறை ஆனபின் “இவர்கள் பரம்பரை வீரர்கள்” என்ற சொல் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொண்டது.

அதே காலத்தில் மதராஸ் படைக்கு நடந்தது தலைகீழ். மதராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கத்தை 1758 வரை கொண்டுபோகிறது, இந்திய ராணுவத்தின் காலாட்படைகளில் மிகப் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி தென்னிந்தியாவைப் பிடித்ததே இந்தச் சிப்பாய்களை வைத்துத்தான். ஆனால் புதிய கோட்பாட்டின் கண்ணில் மதராஸ்காரன் போருக்கு லாயக்கற்றவன் ஆனான். பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1920களில் மதராஸ் காலாட்படையே கலைக்கப்பட்டது. தாத்தாவும் அப்பாவும் சிப்பாயாக இருந்த வீடுகளில் பேரனுக்குக் கதவு சாத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும், 1940களில் அதே படை மறுபடி எழுப்பப்பட்டது. இடைப்பட்ட இருபது வருஷத்தில் யாருடைய ரத்தமும் மாறவில்லை. ஓர் அலுவலகக் கோப்பு மாறியது.

நேபாளத்தில் வெளிநாட்டுப் படையில் சேரப் போகிறவரை “லாஹுரே” என்பார்கள். பஞ்சாபை ஆண்ட சீக்கிய அரசர் ரஞ்சித் சிங்கின் படையில் சேர லாகூருக்குப் போனவர்கள் என்பதிலிருந்து வந்த சொல். ரஞ்சித் சிங்கின் அரசு 1849இல் முடிந்துபோனது. அவர்கள் ஆங்கிலேயர் படைக்கும் போனார்கள், 1947க்குப் பிறகு இந்தியப் படைக்கும் பிரிட்டிஷ் படைக்குமாகப் பிரிந்து போனார்கள். யாருக்காகப் போனாலும் லாஹுரே லாஹுரேதான். தாத்தாவிடமிருந்து பேரனுக்குக் கைமாறியது எந்தக் கொடியின்மேலும் வைத்த பற்று அல்ல. வெளியே போய்ப் பிழைக்கவும், மதிப்போடு திரும்பி வரவும் தெரிந்த ஒரு வழி.

இன்றைய இந்திய ராணுவத்திலும் இந்தத் தொடர்ச்சிக்கு அதிகாரபூர்வ இடம் உண்டு. பயிற்சி முடித்து அதிகாரியாகும் கேடட், அப்பா பணியாற்றிய அதே யூனிட்டைக் கேட்டு வாங்க முடியும். சிப்பாய் நிலையில், பணியில் உள்ளவர்கள், ஓய்வுபெற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ரெஜிமென்ட் மையங்களில் தனி ஒதுக்கீட்டில் ஆள்சேர்ப்பு நடக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குண்டு பாயும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் தன் அப்பாவோடு பணிசெய்தவரின் மகன் என்று தெரிவது, ஒரு படைப்பிரிவைக் கட்டிப்போடும் கயிறு. கணவனை இழந்த வீட்டுக்கு ஒரு வருமானம் திரும்பி வரும் வழியாகவும் அது இருக்கிறது.

எல்லார் வீட்டிலும் சிப்பாய் இருக்கும் நாடுகளில் இந்தக் கேள்வியே வேறு வடிவம் எடுக்கிறது. சிங்கப்பூரில் 1967இல் தேசிய சேவை கட்டாயமானது. இன்று தாத்தா, அப்பா, மகன் மூவரும் சீருடை போட்டிருப்பது அங்கே பெருமைக்குரிய விதிவிலக்கு அல்ல, சாதாரணம். தென்கொரியாவில் ஆண்களுக்குச் சேவை கட்டாயமாக இருந்தும், 2004 முதல் அரசு ஒரு கௌரவம் வழங்குகிறது. மூன்று தலைமுறையின் ஆண்கள் அத்தனை பேரும் சேவையை முழுமையாக முடித்த குடும்பங்களுக்குத்தான் அது. செல்வாக்குள்ளவர்கள் ஏதோ காரணம் காட்டிப் பிள்ளைகளைத் தப்பவைக்கிறார்கள் என்ற கோபம் அந்த நாட்டில் நீண்டகாலமாக இருக்கிறது. அந்தப் பின்னணியில் பார்த்தால் இந்தக் கௌரவத்தின் அர்த்தம் புரியும். அங்கே மூன்று தலைமுறைச் சேவை நேர்மைக்கு அத்தாட்சி.

ஒரே மகன்

புறநானூற்றின் 279ஆம் பாடலை இங்கே சொல்லாமல் போக முடியாது. முன்னொரு நாள் போரில் அவளுடைய தமையன் யானையை வீழ்த்தி மடிந்தான் (தந்தை என்று பொருள் கொள்வாரும் உண்டு). நேற்று நடந்த போரில் கணவன் இறந்தான். இன்று பறை கேட்டதும், ஒரே மகனைக் கூப்பிட்டு, வெள்ளாடை உடுத்தி, குடுமிக்கு எண்ணெய் நீவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். இந்தத் துறைக்கு மூதின் முல்லை என்று பெயர். மூதில் என்றால் பழமையான குடி. தலைமுறையாகப் போருக்கு ஆள் அனுப்பும் வீட்டுக்குத் தமிழில் ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரு பெயர் இருந்திருக்கிறது.

இதைப் பள்ளியில் வீரத்தாய் பாட்டு என்றே படித்தோம். ஆனால் பாட்டு தொடங்குவது வியப்பும் திடுக்கிடலும் கலந்த குரலில். இவள் துணிவு கடுமையானது, இந்த நினைப்பே கெடட்டும் என்று பார்த்து நிற்கிற ஒருவர் பதறுவதில்தான் தொடங்குகிறது. அதைத் தாண்டித்தான் பெருமிதம் வருகிறது. சிறுவனின் தலைமுடி பரட்டையாக இருந்தது, அதை எண்ணெய் வைத்துப் படியவைத்தாள் என்ற விவரத்தைச் சும்மா வைக்கவில்லை. பள்ளிக்கு அனுப்புகிற வயதுப் பிள்ளை என்று நமக்குத் தெரிய வேண்டும்.

நவீன அரசுகள் ஒரு கட்டத்தில் இந்தப் பதற்றத்தைச் சட்டமாக்கின. 1942 நவம்பர் 13 அன்று சாலமன் தீவுகளுக்கு அருகே ஜூனோ என்ற அமெரிக்கக் கப்பல் மூழ்கியது. அயோவா மாநிலத்தின் ஒரே வீட்டைச் சேர்ந்த சல்லிவன் சகோதரர்கள் ஐந்து பேர் அதில் இருந்தார்கள், ஐவரும் பிழைக்கவில்லை. சேர்ந்தே பணியாற்ற வேண்டும் என்பது அவர்களே வைத்த நிபந்தனை. 1944இல் போர்க்ஸ்ட்ரோம் குடும்பம் சில மாதங்களுக்குள் நான்கு மகன்களை இழந்தது. போருக்குப் பின், 1948இல், பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்த வீட்டில் எஞ்சியிருக்கும் மகனைக் கட்டாயமாக எடுப்பதிலிருந்து விலக்கும் விதி சட்டத்தில் ஏறியது. மூதின் மகள் தானே முன்வந்து கொடுத்ததை, இந்தச் சட்டம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறது. ஒரு குடும்பம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்கிக்கொள்வதற்கு அரசுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதே இதன் உட்பொருள். விரும்பி வருகிறவரை இந்த விதி தடுக்காது.

பதக்கமும் பெயரும் பேரப்பிள்ளை வரை போவது எல்லாருக்கும் தெரியும். காயமும் போகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆண்டர்சன்வில் என்ற சிறைமுகாமில் சுமார் 45,000 பேர் அடைபட்டு, கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள். அதுபோன்ற முகாம்களின் மிக மோசமான காலத்தில் கைதியாக இருந்து பிழைத்து வந்தவர்களுக்குப் போருக்குப் பிறகு பிறந்த மகன்களின் ஆயுளைக் கணக்கிட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. கைதியாக இராத வீரர்களின் மகன்களைவிட இவர்கள் நடுவயதுக்குப் பிறகு எந்த வயதிலும் இறக்கும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம் கூடுதலாக இருந்தது. மகள்களிடம் அந்த வித்தியாசம் காணவில்லை. அந்த மகன்கள் முகாமைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. வீட்டில் யாரும் பேசாத ஒன்று உடம்பு வழியாக வந்து சேர்ந்திருக்கலாம்.

பேசாமலிருப்பதும் ஒரு சொத்துபோல இறங்கிவருகிறது. தாத்தா தன் போரைப் பற்றி வாய் திறந்ததில்லை, அதனால் அப்பாவும் திறப்பதில்லை. மகன் முதல்முறை லீவில் வரும்போது மூவரும் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவார்கள். மூன்று பேருக்கும் விஷயம் தெரியும், அதனாலேயே யாரும் தொடங்க மாட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் இதைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவேளை இனி இது மாறலாம். நார்வே 2015இல் கட்டாய சேவையைப் பெண்களுக்கும் விரித்தது, இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு அகாதெமி 2022இல் முதல்முறையாகப் பெண்களைச் சேர்த்தது. அப்பாவின் ரெஜிமென்ட் பெயரை மகள் தோளில் சுமக்கும் வீட்டில், பேச்சு வேறு மாதிரி தொடங்கக்கூடும்.

லாகூரில் ஓர் இரவு

கேத்தர்பால் குடும்பத்தைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். முப்பாட்டன் சீக்கியர்களின் கால்சா படையில் இருந்து, 1849இல் சிலியன்வாலாவில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்டவர். தாத்தா அதே ஆங்கிலேயரின் படையில் முதல் உலகப் போருக்குப் போனார். அப்பா எம். எல். கேத்தர்பால் சர்கோதாவில் பிறந்தவர். பிரிவினையில் அந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது, அவர் இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் பிரிகேடியர் ஆனார். ஒரு வீட்டின் நான்கு தலைமுறைக்குள் எதிரி மாறினான், எஜமான் மாறினான், நாடே மாறியது. தொழில் மாறவில்லை.

மகன் அருண் 1971 ஜூனில் பூனா ஹார்ஸ் டாங்கிப் படையில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். ஆறு மாதத்தில், டிசம்பர் 16 அன்று, பாகிஸ்தானுடன் நடந்த பசந்தர் போரில் அவர் டாங்கி தீப்பிடித்தது. இறங்கி வந்துவிடும்படி உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி அவர் இறங்க மறுத்தார். எதிரி டாங்கிகள் ஊடுருவாமல் நின்றன. அருண் அங்கேயே இறந்தார். வயது 21. பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் அதே நாள்தான்.

முப்பது வருஷம் கழித்து, 2001இல், 81 வயதில், பிரிகேடியர் கேத்தர்பால் தான் பிறந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லை கடந்து போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து, கூடவே இருந்து எல்லாம் செய்து கொடுத்தவர் க்வாஜா முகமது நாசர், ஓய்வுபெற்ற பாகிஸ்தான் பிரிகேடியர். அந்த வீட்டார் காட்டிய கவனிப்பு சாதாரண விருந்தோம்பலைவிட அதிகமாகவே இருந்தது. கிளம்புவதற்கு முந்தைய இரவு, சாப்பாடு முடிந்தபின் நாசர் பேசினார். பசந்தரில் எதிர்ப்பக்கம் டாங்கிப் படையை நடத்தியவர் தானே என்றும், அருணின் டாங்கியை அடித்தது தன் டாங்கிதான் என்றும் சொன்னார்.

கேட்டவர் ராணுவக்காரர், ராணுவக்காரரின் மகன், பேரன். சொன்னவரும் வாழ்நாள் முழுக்கச் சீருடையில் இருந்தவர். மறுநாள் காலை இருவரும் சேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். பிரிகேடியர் டெல்லிக்குத் திரும்பினார். சில நாள் கழித்து அந்தப் படங்கள், நாசர் எழுதிய ஒரு குறிப்போடு, அவர் வீட்டுக்கு வந்துசேர்ந்தன.